நானா முன்னால் சொல்லக்கூடாத சொல்

அந்தச் சொல்லை நான் இங்கே எழுதப்போவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை படித்துவிட்டு என்னைத் திட்டக்கூடாது.

எங்கள் பக்கத்தில் வாயில் வரக்கூடாத ஒன்றைச் சொல்ல நேர்ந்தால் முதலில் "செபே" என்று சொல்லிவிட்டுத்தான் சொல்வோம். பொறுத்துக்கொள்ளுங்கள், உங்கள் காதுக்கும் என் வாய்க்கும் நடுவே ஒரு துணி விரித்திருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். வயிற்றுப்போக்கைப் பற்றிப் பேச செபே வேண்டும். இடது கையை ஆட்டிப் பேசினாலும் செபே வேண்டும். எதிரே ஆள் இருந்தால் செபே போடுவது சுலபம். புத்தகத்தில் எழுதினால், எந்த ஊரில் யார் எப்போது படிப்பார்கள் என்று தெரியாமல் எத்தனை செபேயைச் சேர்த்துவைப்பது? அதனால்தான் எழுதவில்லை.

சொல் ஒன்றும் ரகசியமில்லை. எங்கள் அட்டாக்ரோமில் பால்பல் விழாத பிள்ளைக்கும் அது தெரியும். நடக்கக்கூடாத விதத்தில் நடந்துகொள்கிறவனைப் பார்த்தால் தானாக வாயில் வந்துவிடும். அதற்குப் பொருள் என்ன என்று யாரும் கேட்டதில்லை. தும்மலுக்கு யார் பொருள் கேட்கிறார்கள்? அதற்கு ஒரு பொருள் உண்டு, ஒரு பிறப்பிடம் உண்டு, இரண்டையும் கண்டுபிடிக்க ஒரு குழு வேண்டும் என்பதெல்லாம் மாவட்ட நன்னடத்தை அலுவலகம் எங்கள் ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

அந்த அலுவலகத்தின் இயக்குநர் எம்மானுவல் அம்பாபெங். தலைநகரில் யாரோ ஒருவருக்கு யாரோ ஒருவர் கொடுத்த வாக்கின்படி எங்களுக்கு வாய்த்தவர். எப்போதும் கோட்டு. வெயிலில் நெற்றி வியர்த்து ஒழுகினாலும் கோட்டைக் கழற்ற மாட்டார். வந்த மாதமே ஊர் முழுக்கப் பதாகை கட்டினார். "வரிசையில் நிற்பது நாகரிகம்" என்று ஒன்று. "வலது கையால் கொடுப்போம், வலது கையால் வாங்குவோம்" என்று ஒன்று. இரண்டாவது பதாகையைப் பார்த்து எங்கள் ஊர்க் கிழவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். தாய்ப்பால் குடிப்போம் என்று பதாகை கட்டினால் எப்படிச் சிரிப்பார்களோ அப்படி.

லாரி நிலையத்து வாசலில் வேப்பமரத்தடியில் ஃப்ரிம்போமா அக்காவின் வாச்சே கடை. அதற்குப் பக்கத்தில் மஞ்சள் குடைக்குக் கீழே என் கடை. தொலைபேசி வழியாகப் பணம் அனுப்பித் தருவது என் தொழில். மொபைல் மணியைச் சுருக்கி ஊரில் என்னை மோமோ என்றே கூப்பிடுகிறார்கள். அம்மா வைத்த பெயர் வீட்டோடு நின்றுவிட்டது. தினமும் என் காலை உணவு அக்காவின் வாச்சேதான். அரிசியும் காராமணியும் சோள இலையோடு வெந்து செக்கச்செவேலென்று இருக்கும். மேலே கறுப்பாக ஷித்தோ மிளகாய்க் குழம்பு, ஒரு துண்டு மாட்டுத்தோல், ஒரு அவித்த முட்டை. இலையில் கட்டித் தருவார். சாப்பாட்டு விஷயத்தில் நான் நடுநிலையானவன் இல்லை. இந்தக் கதையை அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நன்னடத்தை வாரத்தின் முதல் நாள். ஊர்வலம் புறப்பட வேண்டும். அம்பாபெங்குக்குப் பசி. அக்காவின் முன் வரிசை மரத்தைச் சுற்றி வளைந்து நிற்கிறது. அவர் வரிசையின் தலைப்பக்கமாக வந்தார். வலது கையில் தொலைபேசி, காதோடு. வரிசையில் முன்னால் நின்ற முதியவரின் தலைக்கு மேலாக இடது கையால் பணத்தை நீட்டினார். அக்கா இன்னும் நிமிரவில்லை. அம்பாபெங் அதே இடது கையைச் சட்டியோரத்துக் கிண்ணத்தில் விட்டு ஒரு முட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். தொலைபேசியில், "ஆமா, நன்னடத்தைதான் இந்த நாட்டோட முதுகெலும்பு," என்றார். முட்டை வாயில் இருந்ததால் முதுகெலும்பு சரியாகக் கேட்கவில்லை.

அக்கா அகப்பையைக் கீழே வைக்காமலே அந்தச் சொல்லைச் சொன்னார். கத்தவில்லை. மழை வருது என்கிற மாதிரி சொன்னார். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு, "செபே," என்றார்.

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும்தான். லாரிக்காரர்கள் மறுநாள்வரை சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் அக்காவுக்கு ஆணை வந்தது. அரசு அதிகாரியைப் பொது இடத்தில் ஒரு சொல்லால் அழைத்த விவகாரத்தை எங்கள் ஊர்த் தலைவர் நானாவின் அரண்மனையில் ஒரு குழு விசாரிக்கும். விசாரணை முடியும்வரை அடுப்பு பற்றவைக்கக் கூடாது. குற்றம் உறுதியானால் வேப்பமரத்தடி பறிபோகும். அந்த இடத்தில் நன்னடத்தைத் தகவல் மையம் ஒன்று அமையும். ஆணை வந்த அன்றே இரண்டு பேர் அளவு நாடாவோடு வந்து மரத்தடியை அளந்துவிட்டுப் போனார்கள்.

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "மோமோ, நான் என்னடா பண்ணிட்டேன்? கண்ணால பாத்ததைச் சொன்னேன். வேற பேரு தெரிஞ்சா அதைச் சொல்லியிருப்பேனே," என்றார். அவருடைய மூத்த மகள் தவழ்ந்தது அந்த மரத்தடியில்தான். எனக்கு அன்றைக்கு வந்த கோபத்தில் அந்த நாடாவை இழுத்து அறுத்திருக்க வேண்டும். செய்யவில்லை. வரிசையில் நின்ற ஒருவருக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

குழுவில் எங்கள் தலைவர் நானா அஃப்ரானே தலைமை. பல்கலைக்கழகத்திலிருந்து மொழிப் பேராசிரியர் அசுமேங். இவர்களோடு அம்பாபெங்கும் ஓர் உறுப்பினர். புகார் கொடுத்தவரே குழுவில் எப்படி என்று நான் ஒருவரிடம் கேட்டேன். நன்னடத்தை பற்றிய எந்தக் குழுவும் நன்னடத்தை இயக்குநர் இல்லாமல் கூடாது என்று விதி இருக்கிறதாம். விதியை எழுதியது யார் என்று கேட்டேன். அம்பாபெங்தான் என்றார் அவர்.

நானா நேரடியாக யாரிடமும் பேச மாட்டார். தாழ்ந்த குரலில் சொல்வார். பக்கத்தில் நிற்கும் வாய்மொழியாளர், நாங்கள் ஒச்சியாமே என்போம், அதை வாங்கி அழகு சேர்த்து உரக்கச் சொல்வார். ஊரார் சொல்வதும் அவர் வழியாகத்தான் நானாவுக்குப் போக வேண்டும். எங்கள் ஒச்சியாமேயின் பெயர் பாஃபி. கையில் தங்கப் பூச்சுத் தடி. அதன் உச்சியில் மேசையருகே இரண்டு பொம்மை மனிதர்கள், ஒருவன் சாப்பிடுகிறான், இன்னொருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். சாப்பாடு உடையவனுக்கு, பசித்தவனுக்கு இல்லை என்று அதற்கு அர்த்தம். நானா "உக்காரச் சொல்லு" என்று சொன்னால், பாஃபி, "பெரிய ஆற்றங்கரையின் பேரன், பசித்தவர் நிழல், உங்கள் கால்களின் களைப்பை அறிந்து மனமிரங்கி, அமருங்கள் என்கிறார்," என்பார். நானா ஒரு சொல்லை விழுங்கினாலும் பாஃபி விழுங்க மாட்டார். நானா வாயிலிருந்து வந்தது எதுவானாலும் அதை மூன்று திசைக்கும் அறிவிப்பது அவர் கடமை. அதில் தேர்வு செய்ய அவருக்கு உரிமை கிடையாது.

முதல் அமர்வுக்குச் சாட்சியாக நானும் போனேன். அரண்மனை முற்றத்தில் செருப்பைக் கழற்றி, தோள்துணியை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு போக வேண்டும். அம்பாபெங் கோட்டைக் கழற்ற மனமில்லாமல் ஒரு கையை மட்டும் உருவிக்கொண்டு, பாதிக் கோட்டைத் தரையில் இழுத்தபடி வந்தார். எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தார்கள். தண்ணீர் கொடுத்த பிறகு, வந்த காரியத்தைக் கேட்பது எங்கள் மரபு. காரியம் தெரிந்திருந்தாலும் கேட்டே ஆகவேண்டும்.

பாஃபி அக்காவைக் கேட்டார். "இங்க எல்லாம் சுகம். கெட்டது ஒண்ணுமில்ல. வந்த காரியம் என்னம்மா?"

"நீங்கதான்யா வரச்சொன்னீங்க."

"அது எங்களுக்குத் தெரியும். வந்த காரியம்?"

"எதுக்கு வரச்சொன்னீங்கன்னு கேக்கலாம்னுதான் வந்தேன்."

பாஃபி நானா பக்கம் திரும்பி, இந்தப் பெண் தீங்கேதும் கொண்டுவரவில்லை, வந்த காரியம் எதுவென அறியும் நற்காரியமாக வந்திருக்கிறாள் என்று அறிவித்தார். நானா தலையசைத்தார்.

பிறகு அம்பாபெங் எழுந்தார். இந்த அம்மா பொது இடத்தில் தன்னை ஒரு சொல்லால் அழைத்தார் என்றார். நானா என்ன சொல் என்று கேட்டார். அம்பாபெங் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, அதை நானா முன்னால் சொல்ல முடியாது என்றார்.

செபே போட்டுச் சொல்லலாமே என்றார் பேராசிரியர். சொல்லலாம்தான், ஆனால் ஒச்சியாமே வழியாகத்தானே நானாவுக்குப் போக வேண்டும் என்றார் அம்பாபெங். எல்லாரும் பாஃபியைப் பார்த்தார்கள்.

பாஃபி தடியை மார்போடு அணைத்துக்கொண்டார். "இந்த வாய் எங்க தாத்தா காலத்துலேருந்து அரண்மனைக்காக வச்சிருக்கற வாய். பல்லைப் புடுங்கினாலும் அந்த வார்த்தை இந்த வழியா போகாது," என்றார்.

"அப்ப அது கெட்ட வார்த்தைதான்னு எப்படித் தெரியும்?" என்று நானா கேட்டனுப்பினார்.

"யாராலயும் சொல்ல முடியலையே நானா. அதுலயே தெரியுதே," என்றார் அம்பாபெங்.

நானா அரியாசனம் ஏறுவதற்கு முன்னால் மரலாரி ஓட்டியவர். குமாசி சாலையில் அந்தச் சொல்லை ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்டிருப்பார், எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். ஆனால் அரியாசனத்தில் உட்கார்ந்ததும் பழைய காதுகளைக் கழற்றிவைத்துவிட வேண்டும். அதனால் அவர் அந்தச் சொல்லை அறியாதவராக உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு நடந்தது அவ்வளவுதான்.

இரண்டாம் அமர்வில் பேராசிரியர் ஒரு வழி சொன்னார். அந்தச் சொல்லுக்குப் பதிலாக மரியாதையான வேறு சொல் ஒன்றை வைத்துக்கொண்டு பேசலாம். நீண்ட நேரம் யோசித்து "விருந்தாளி" என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன்பின் விசாரணை வேகமெடுத்தது. விருந்தாளி அக்காவின் வாயிலிருந்து எந்த வேகத்தில் வெளியே வந்தார் என்று கேட்டார்கள். விருந்தாளிக்கு முன்னால் செபே வந்ததா, பின்னால் வந்ததா என்று என்னைக் கேட்டார்கள். பின்னால்தான் என்று உண்மையைச் சொன்னேன். பின்னால் வந்த செபே செல்லுமா என்று மதியம்வரை பேசினார்கள். நனைந்த பிறகு பிடித்த குடை என்றார் பேராசிரியர். என் மஞ்சள் குடையை யாரோ திட்டின மாதிரி எனக்கு ரோஷமாக இருந்தது.

இதில் ஒரு கஷ்டம் வந்தது. அடுத்த வாரத்துக்குள் விருந்தாளி என்ற சொல்லே கெட்டுப்போய்விட்டது. அரண்மனையில் தண்ணீர் கொடுக்கிற பெண், "செபே, விருந்தாளிகளுக்குத் தண்ணி வைக்கட்டுமா?" என்று கேட்க ஆரம்பித்தாள். பக்கத்து ஊர்த் தலைவர் ஒருவர் துக்கம் விசாரிக்க வந்தபோது, யாரோ வழக்கம்போல் "நம்ம விருந்தாளி வந்துட்டார்" என்று சொல்லிவிட, ஊர் வாயைப் பொத்திக்கொண்டது. அவர் கோபித்துக்கொண்டு தண்ணீர் குடிக்காமல் போனார். இதையும் குழு விசாரிக்க வேண்டியதாயிற்று.

மூன்றாவதாக எடுத்துக்கொண்டது சொல்லின் பிறப்பிடம். இதற்கு அசுமேங்கும் அம்பாபெங்கும் அரசு வண்டியில் புறப்பட்டார்கள். வடக்கே போனார்கள். அங்கே தண்ணீர் கொடுத்து, காரியம் கேட்டு, அந்தச் சொல் எங்களுடையது இல்லை, தெற்கிலிருந்து கோக்கோ லாரிகளில் வந்தது என்றார்கள். தெற்கே போனார்கள். கடற்கரைக்காரர்கள் மீன் பொரித்துப் போட்டு, அது கப்பலில் வந்து இறங்கியது, நாங்கள் அப்போதே வேண்டாம் என்றுதான் சொன்னோம் என்றார்கள். கிழக்கே எல்லை தாண்டிக் கேட்டதற்கு, உங்கள் ஊர்க்காரர்கள்தான் சந்தைக்கு வரும்போது கொண்டுவருகிறார்கள் என்று பதில் வந்தது. போன இடமெல்லாம் சாப்பாடு நன்றாக இருந்ததாக அம்பாபெங்கின் ஓட்டுநர் என்னிடம் சொன்னார்.

திரும்பி வந்து பேராசிரியர் ஆற்றிய உரையை நான் மறக்க மாட்டேன். "ஒரு நடத்தை நம்ம கிட்ட இருந்தாத்தான் அதுக்கு நம்ம மொழியில பேரு இருக்கும். அந்த நடத்தை நம்ம மக்கள்கிட்ட எந்தக் காலத்துலயும் இருந்ததில்ல. ஆகவே அந்தச் சொல் வெளியிலேருந்து வந்தது. நான் இதை எங்க துறையில சொன்னப்போ ஒருத்தன் எந்திரிச்சு என்னைப் பாத்து அதே சொல்லைச் சொன்னான். அவன் அம்மா வெளியூர்க்காரி. இதைவிட என்ன ஆதாரம் வேணும்?"

அம்பாபெங் கை தட்டினார். பாஃபி இதை நானாவுக்குச் சொன்னபோது, பேராசிரியர் பெருந்தொலைவு நடந்து, நம் வீட்டுக்குப்பை அடுத்த வீட்டுடையது என்று கண்டுவந்தார் என்று சொன்னார். அழகு சேர்ப்பது அவர் வழக்கம் என்பதால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதற்கிடையில் அக்காவுக்கு அடுப்பு பற்றவைக்க அனுமதி கிடைத்தது. விற்பனைக்கு இல்லை, சான்றுப்பொருளாக. சம்பவம் வாச்சே சட்டியருகில் நடந்ததால் ஒவ்வொரு அமர்விலும் சட்டி இருக்க வேண்டும் என்று குழு கேட்டது. சட்டி வெறுமையாக இருந்தால் அது சம்பவ நேரத்துச் சட்டி ஆகாது. ஆகவே நிறைத்துக் கொண்டுவர வேண்டும். குழு அதைப் பரிசீலிக்கும். அமர்வு முடியும்போது சட்டி காலியாக இருக்கும். சான்று சாப்பிடப்படுவதற்கு யாரும் காசு எதுவும் கொடுக்கவில்லை. ஊரில் நாங்கள் எல்லாரும் காய்ந்த ரொட்டி தின்றுகொண்டிருந்தோம்.

ஒரு நாள் அக்கா என் குடைக்குக் கீழே வந்து உட்கார்ந்தார். மரத்தடியில் அடையாளக் குச்சி நட்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மன்னிப்புக் கேட்டுடலாம்னு பாக்கறேன் மோமோ. ஆனா எதுக்குன்னு கேக்கறது? தப்பா சொல்லிட்டேன்னு சொன்னா, அப்ப அந்தாளு பண்ணினது சரின்னு ஆயிடும். அந்தப் பெரியவர் தலைக்கு மேல கைய நீட்டினான்டா. கிண்ணத்துல இடது கைய விட்டான். எங்கிட்ட வாங்கித் திங்கறவங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

நன்னடத்தை என்ற பேரில் ஊரை அளந்துகொண்டு திரிகிற அத்தனை பேரிலும் கிண்ணத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர் இவர் ஒருவர்தான் என்று தோன்றியது. என் ரொட்டியில் பாதியைக் கொடுத்தேன். கடித்துப் பார்த்துவிட்டு, இதையா திங்கறே என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கடைசி அமர்வு சொல்லின் பொருளை முடிவு செய்வதற்கு. ஊரே முற்றத்தில் கூடியிருந்தது. அம்பாபெங் ஒரு விளக்கத்தைத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தார். அவருக்கு ஒரு சங்கடம் இருந்தது. சொல் எவ்வளவு மோசமானதோ அக்காவின் குற்றம் அவ்வளவு பெரிது. ஆனால் சொல் அவ்வளவு மோசமானதென்றால் அது குறிக்கிற நடத்தையும் மோசமாகிவிடும். அதைச் சுற்றிக்கொண்டு போக அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

"இந்த, செபே, விருந்தாளிங்கறது," என்று ஆரம்பித்தார், "மிகக் கேவலமான நடத்தையைக் குறிக்குது. அதுல சந்தேகமே இல்ல. ஆனா அவசரத்துல செஞ்சா அது விருந்தாளி இல்ல. அரசாங்க வேலையா போறவன் செஞ்சா இல்ல. தொலைபேசில பேசிக்கிட்டே செஞ்சா மனசு வேற எங்கயோ இருக்கு, அதனால அதுவும் இல்ல. இடது கைங்கறீங்க. வலது கை நாட்டுக்காக உழைச்சிக்கிட்டிருந்தா இடது கைதானே வரணும்? சுருக்கமா சொன்னா, உதவி இயக்குநருக்குக் கீழ இருக்கறவங்க சும்மா இருக்கறப்ப செய்யற கேவலமான காரியம்தான் விருந்தாளி."

உதவி இயக்குநருக்குக் கீழே இருப்பவர்கள்தான் முற்றம் முழுக்க இருந்தார்கள்.

பாஃபி இதை நானாவிடம் ஒப்பித்தார். முதல் தடவையாக அவர் எந்த அழகும் சேர்க்கவில்லை. நானா, நடந்ததை நடந்தபடி ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன், சட்டியைத் திறக்கச் சொல் என்று சொல்லியனுப்பினார்.

அக்கா சட்டியை நடுவில் வைத்து மூடியை எடுத்தார். ஆவி எழுந்தது. அன்றைக்கு அவர் மனமுருகிச் சமைத்திருக்க வேண்டும். இனிமேல் சமைக்கப்போவதில்லை என்று நினைத்துச் சமைத்தாரோ என்னவோ. ஷித்தோ வாசனை முற்றத்துக் கடைசிவரை வந்தது. கிண்ணத்தில் முட்டைகள் பளபளத்தன. அமர்வு தாமதமாகத் தொடங்கியிருந்தது. யாரும் சாப்பிட்டிருக்கவில்லை.

அம்பாபெங் தன் இடத்தில் போய் நின்றார். வலது கையில் தொலைபேசியைக் காதோடு பிடித்தார். முன்னால் நின்ற முதியவராக நடிக்கப் பேராசிரியரை நிறுத்தியிருந்தார்கள். பேராசிரியர் சட்டிக்கு மிக அருகில் இருந்தார். அம்பாபெங் அவர் தலைக்கு மேலாக இடது கையை நீட்டிக் கிண்ணத்தில் ஒரு முட்டையை எடுத்தார். முதியவர் பாத்திரத்தில் இருந்த பேராசிரியர், அது பெரிய முட்டை என்று கண்டு, தானும் ஒன்றை எடுத்தார். அவருடைய வலது கையில் ஆய்வுக் கட்டுரை இருந்தது. அலுவலகத்துக் கீழ்நிலை ஊழியர்கள் சான்று தீர்ந்துவிடப்போகிறது என்ற பயத்தில் எழுந்தார்கள். ஒருவர் இன்னொருவரின் அக்குளுக்குக் கீழே கைவிட்டு மாட்டுத்தோலை இழுத்தார். யாரோ யாரையோ இடித்தார்கள். நன்னடத்தை வாரத்துப் பதாகையை மடித்து யாரோ சூடு தாங்கப் பிடித்துக்கொண்டார்கள். அக்கா அகப்பையோடு பின்வாங்கி நின்றார். உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

நானா அரியாசனத்திலிருந்து கொஞ்சம் முன்னால் குனிந்து பார்த்தார். அந்தச் சொல்லைச் சொன்னார்.

செபே இல்லை. தாழ்ந்த குரலும் இல்லை. குமாசி சாலையில் ஒரு வண்டி குறுக்கே வந்தால் மரலாரியின் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொல்கிற குரல். முற்றத்துக் கடைசியில் நின்ற எனக்கே கேட்டது. முட்டை வைத்திருந்தவர்கள் எல்லாரும் முட்டையோடு அப்படியே நின்றார்கள்.

பிறகு ஊர் முழுக்கப் பாஃபியைப் பார்த்தது.

பாவம், பாஃபியின் முகத்தில் ஈயாடவில்லை. நானாவின் வாயிலிருந்து வந்ததை அவர் அறிவித்தாக வேண்டும். தாத்தா காலத்து வாய். அவர் ஒரு கை தண்ணீர் வாங்கி வாய் கொப்பளித்தார். தடியைத் தரையில் தட்டினார். கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார்.

"பெரிய ஆற்றங்கரையின் பேரன், பசித்தவர் நிழல், நானா அஃப்ரானே, இங்கே கூடியிருக்கும் கனம் இயக்குநரையும், கல்வியில் மூத்த பேராசிரியரையும், அவர்களோடு சேர்ந்த அனைவரையும், எங்கிருந்தும் வராத, நம் மண்ணிலேயே முளைத்து, நம் தகப்பன்மார் நமக்கு விட்டுச்சென்ற நம் சொந்தச் சொல்லால் அழைக்கிறார்," என்று சொல்லி, அந்தச் சொல்லை, ஒவ்வோர் அசையாக, மணி அடிப்பதுபோல் முழங்கினார். கிழக்கே ஒருமுறை. மேற்கே ஒருமுறை. மூன்றாவது முறை அம்பாபெங் இருந்த பக்கம். எனக்குத் தெரிந்து அந்தச் சொல்லை அவ்வளவு அழகாக யாரும் சொன்னதில்லை. மூன்றாவது முறை சொல்லும்போது அவருக்கே அதில் கொஞ்சம் ருசி வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

நானா ஒருவரை ஒரு பெயரால் அழைத்தால் அதில் மரியாதைக்குறைவு இருக்க முடியாது. அழைக்கப்பட்டவர் ஒவ்வொருவராக முன்னால் வந்து குனிந்து நன்றி சொல்ல வேண்டும் என்பது முறை. முறை தெரிந்தவர்கள் நிறைந்த முற்றம் காத்திருந்தது. வேறு வழியில்லாமல் குழு வரிசையில் நின்றது. முதலில் அம்பாபெங் போனார். முட்டையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, "நன்றி நானா," என்றார். அடுத்துப் பேராசிரியர். அடுத்து மற்றவர்கள். ஒருவரும் ஒருவரையும் இடிக்கவில்லை.

நானா மறுபடி தாழ்ந்த குரலுக்கு வந்து ஏதோ சொன்னார். பாஃபி, "வேப்பமரத்தடியில் சட்டி ஏறட்டும்," என்றார். அதற்கு அவர் எந்த அழகும் சேர்க்கவில்லை.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தைத் தோள்துணியால் மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. நான் கிட்டே போய்ப் பார்த்தேன். இரண்டும்தான்.

மறுநாள் காலையில் குச்சிகளைப் பிடுங்கி அடுப்புக்கு வைத்துவிட்டு அக்கா கடை போட்டார். வரிசை மரத்தைச் சுற்றி, என் குடையைச் சுற்றி, லாரிகள்வரை நீண்டது. வரிசையின் கடைசியில் அம்பாபெங் வந்து நின்றார். யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. முந்தின நாள் கேட்டதே ஊருக்குப் போதுமானதாக இருந்தது. இரண்டு பேர் இடம் விட்டுக்கொடுக்கப் பார்த்தார்கள். வேண்டாம் என்றார். வெயில் ஏறியதும் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். தொலைபேசி அடித்தது. எடுக்கவில்லை.

அவர் முறை வந்தபோது நான் என் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். அவர் வலது கையால் பணத்தை நீட்டினார். அக்கா வலது கையால் வாங்கினார். இலையை விரித்து வாச்சேயைப் போட்டார். ஷித்தோவை ஊற்றினார். கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்து, ஒரு நல்லவிதமான முகத்தோடு, முன்கூட்டியே செபே போட்டுக்கொண்டு சொன்னார்.

"செபே ஐயா, முட்டை தீந்துபோச்சு."